இன்னும் இல்லை: குரோசாவாவின் இரண்டு முதியவர்கள்

அகிரா குரோசாவாவின் 'இகிரு'வை (1952) முதன்முதலில் முதுகலை படிக்க வந்த ஊரில், பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கத்தில் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் கோப்புகளில் முத்திரை குத்திய நகராட்சி அலுவலர் வாதனாபே, வயிற்றுப் புற்றுநோயால் சாகப்போவதை அறிந்தபின், ஒரு சாக்கடைக் குட்டையை மூடிக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கிறார். பனி கொட்டும் இரவில் அதன் ஊஞ்சலில் தனியாக ஆடுகிறார். அன்று அழுதேன். சென்ற மாதம் அப்பாவுடன் பார்த்தபோது அழுகை வரவில்லை. அப்பா சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம்.

"அவருக்குத் தேதி தெரிஞ்சுபோச்சு. எனக்கு யார் சொல்றா?"

அப்பாவுக்கு 78 வயது. மின்வாரியத்தில் 58இல் ஓய்வு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் வந்தார். அவர்கள் இப்போது கதவைச் சாத்திக்கொள்ளும் வயதில் இருக்கிறார்கள்.

'இகிரு'வுக்குத் தூண்டுதலான டால்ஸ்டாயின் இவான் இலியிச் 45 வயதில் இறக்கிறான். வாதனாபேயாகக் கூன் விழுந்து நடந்த தகாஷி ஷிமுராவுக்கு அப்போது 47. ஏறக்குறைய என் வயது! 2022இல் அதே கதை 'லிவிங்' என்று லண்டனுக்குப் பெயர்ந்தபோது, அந்த வேடத்துக்கு எழுபதைத் தாண்டிய பில் நை தேவைப்பட்டார். 1950களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 60, இன்று 81. கதை மட்டும் மாறவில்லை. கெடு வைத்தால்தான் வேலை நடக்கும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி, 'இகிரு'வின் இயக்கமும் அதுதான். கெடுவே இல்லாத இருபது ஆண்டுகளை அது எங்கே வைக்கும்?

அந்தப் படத்தை நான் அப்பாமேல் ஏவியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொல்லி நோட்டு வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். எக்செலில் அட்டவணைகூடப் போட்டேன் (சிரிக்காதீர்கள்). எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. அவருக்கு ஒரு பூங்கா தேவை என்று முடிவு செய்தது நான், அவரல்ல.

'இகிரு'வை எடுத்தபோது குரோசாவாவுக்கு 42. கடைசிப் படமான 'மாதாதயோ' வந்த 1993இல் அவருக்கு 83. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஹியாக்கென் உச்சிதாவைப் பற்றியது அது. குண்டுவீச்சில் வீடு எரிகிறது. மனைவியோடு ஒரு சின்னஞ்சிறு குடிசையில் இருக்கிறார். பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் விருந்து வைத்து "இன்னும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். பெரிய கோப்பை பீரைக் குடித்து முடித்து "இன்னும் இல்லை" என்கிறார். கண்ணாமூச்சியில் ஒளிகிற பிள்ளை சொல்கிற பதில். கதை என்று வேறொன்றும் இல்லை. படத்தின் ஒரு நீண்ட பகுதியை ஒரு தெருப்பூனை எடுத்துக்கொள்கிறது: அது காணாமல்போகிறது, மனிதர் சாப்பாடு இறங்காமல் அழுகிறார்.

தளர்ந்த படம், அசட்டு உணர்ச்சி என்று பலர் ஒதுக்கினார்கள். கலையாக 'இகிரு'வின் பக்கத்தில் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதியவர் எதையாவது கட்டி முடித்துத் தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டும் என்ற வற்புறுத்தல் அதில் இல்லை. 42 வயதுக்காரருக்குத் தெரியாத ஒன்று 83 வயதுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. விருந்துகளில் கூடிப் பாடுவது ஆண்கள். பேராசிரியரின் மனைவி ஓரமாக உட்கார்ந்து புன்னகைக்கிறார், பரிமாறுகிறார். என் அம்மா பாதிப் படத்தில் கேட்டாள்: "அந்தம்மா எப்ப சாப்பிடுவா?" அம்மாவுக்காக நான் அட்டவணை எதுவும் போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு ஓய்வே வரவில்லையே.

அப்பா நடுவில் தூங்கிவிட்டார். விழித்ததும், "பூனை கிடைச்சுதா?" என்றார்.

"இல்லப்பா. வேற பூனை வந்துது."

"காணாமப்போன எடத்துலேர்ந்து போடு," என்று நாற்காலியை டிவி பக்கம் இழுத்துக்கொண்டார்.