வர இயலாதோர் பட்டியல்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலை கூடியிருந்தோம். பேச்சு 1975-ஆம் ஆண்டின் நெருக்கடி நிலை பற்றித் திரும்பிற்று. “ரயில் நேரத்துக்கு வந்தது, பதுக்கல்காரன் பயந்தான், நமக்கென்ன குறை வந்தது?” என்றார் முதியவர் ஒருவர். அருகிருந்த இளைஞர், “நாடாளுமன்றம் நடந்தது, கோர்ட் நடந்தது, பத்திரிகையும் வந்தது. பிறகு அதைச் சர்வாதிகாரம் என்பானேன் மாமா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. எல்லாம் நடந்ததுதான் அவ்வாட்சியின் திறமை. 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்ட பிரகடனம், அரசியல் சட்டத்தின் 352-ஆவது விதியின்படியே பிறந்தது. நாடாளுமன்றம் கூடியது, கூடி, 42-ஆவது திருத்தத்தின் வழியே மக்களவையின் ஆயுளை ஐந்தாண்டிலிருந்து ஆறாக்கியது. உச்ச நீதிமன்றம் அமர்ந்தது. அமர்ந்து, காவலில் உள்ளவன் ஆட்கொணர்வு மனுப்போட இயலாதென 1976 ஏப்ரல் 28-இல் நால்வர் தீர்ப்பளித்தனர். மறுத்து எழுதிய நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்கு உரிய தலைமைப் பதவி 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரிடம் சென்றது.

பத்திரிகையும் வந்தது. எப்படி வந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயக் கருதும் பொருள்.

1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் பலர் சிறை புகுந்தனர். கைதுச் செய்தியை அச்சிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று ‘முரசொலி’யில் கலைஞர் வெளியிட்டது, அண்ணா நினைவிடத்திற்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோரின் பெயர்ப் பட்டியல்!

இதை ஓர் இலக்கியப் படைப்பாகவே நாம் மதிப்பிட விரும்புகிறோம். அதில் அடைமொழி இல்லை, புலம்பல் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தணிக்கையாளர் அடிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. ‘ஏன் வர இயலவில்லை?’ என்ற வினாவை வாசகனே எழுப்பி, விடையையும் அவனே எழுதிக்கொள்கிறான்.

ஆயினும் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். குறிப்பால் உணர்த்தும் எழுத்து, குறிப்பறிந்தவனுக்கே பேசும். ஊகிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் பெயர் வரிசையே. “நமக்கென்ன குறை” என்று நம் முதியவர் இன்றும் கேட்கிறார் என்றால், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சேதி வரவேயில்லை. அடியும் சிறையும் சிலருக்கு; ஏதும் நடக்கவில்லை என்ற நிம்மதி பலருக்கு. இத்தகு ஆட்சிகள் அந்த நிம்மதியின்மீதே நிலைக்கின்றன.

சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை, பின்னர் விசாரித்து அறிக்கை அளித்தவர், நாகூர் தந்த கம்பன் அறிஞர் நீதிபதி மு.மு. இஸ்மாயீல். பட்டியல் சொல்லாமல் விட்டதை எழுத ஒரு விசாரணைக் கமிஷன் தேவைப்பட்டதன்றோ!

1977 மார்ச் தேர்தலில் வடக்கு இந்திரா காந்தியாரைத் தோற்கடித்தது. தமிழகமோ 39 தொகுதிகளில் 34-ஐக் காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்கு அளித்தது. எம்.ஜி.ஆரின் செல்வாக்கு இதற்குப் பெருங்காரணம். வடநாட்டில் கட்டாயக் கருத்தடையை மக்கள் தம் உடலிலேயே அனுபவித்தனர். இங்கோ கொடுமை சிறைச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதும் ஒரு காரணமாகலாம்.

வாக்குப்பெட்டியும் இதற்கு விலக்கன்று. இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா, 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்கு மாற்றாக ஒரு வாக்கெடுப்பையே நடத்தி நாடாளுமன்றத்தை மேலும் ஆறாண்டு நீட்டித்துக்கொண்டார்.

1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது. சட்டம் திருந்திற்று, வீட்டுத் திண்ணைகளின் நினைவு இன்னும் திருந்தவில்லை. எனவே, பத்திரிகை வந்ததா என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு, அதில் எது வர இயலவில்லை என்று கேட்கவும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.