புதுக்கோட்டை அம்மன் காசும் பிரெஞ்சு நினைவுப் பதக்கமும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு விரல் நகத்தளவே உள்ள செப்புக்காசு. ஒருபுறம் தொண்டைமான்களின் குலதெய்வமான திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல் உள்ளது. ஆண்டோ மன்னர் உருவமோ இல்லை. 20 காசுகள் ஓர் அணா. நவராத்திரியில் அரண்மனை வழங்கிய அரிசித் தானத்துடன் இக்காசும் கொடுக்கப்பட்டது.

இரு அச்சுகள்

தொடக்கத்தில் கையால் அடிக்கப்பட்ட இக்காசு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அச்சிடப்பட்டது. கையால் அடித்த காசில் உருவம் விளிம்பைத் தாண்டி நழுவும். அம்மன் சில கோடுகளாகவும் புள்ளிகளாகவுமே தெரிவாள். இயந்திரக் காசில் வட்டமும் உருவமும் சீராயின. ஆனால் ஒவ்வொரு காசுக்கும் இருந்த தனிமுகம் மறைந்தது.

பிரெஞ்சுப் பதக்கம்

அதே காலத்தில் பிரான்சில் இயந்திரம் வேறுவிதமாகப் பயன்பட்டது. கலைஞர் பெரிதாக வனைந்த உருவை, குறைப்பு இயந்திரம் சிறிய எஃகு அச்சாகச் செதுக்கியது. 1860களின் இறுதியில் பொன்ஸ்கார்ம் விளிம்பு வரம்பையும் பளபளப்பையும் நீக்கி, உருவம் பின்புலத்தில் மெல்லக் கரையும்படி செய்தார். ஷாப்லேன், ரோட்டி ஆகியோர் அவ்வழியை வளர்த்தனர். 1894இல் கொல்லப்பட்ட குடியரசுத் தலைவர் கார்னோவின் இறுதி ஊர்வலத்தை ரோட்டி சிறு உலோகத் தகட்டில் வடித்தார். ரோட்டியின் ‘விதைப்பவள்’ 1897 முதல் பிரெஞ்சு வெள்ளிக் காசுகளில் இடம்பெற்றாள்.

மதிப்பீடு

புடைப்பின் நுட்பத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அம்மன் காசு தோற்கும். அந்த அளவுகோல் போதுமானதன்று. பிரெஞ்சுப் பதக்கம் ஒரு நாளையோ ஒரு மனிதரையோ நினைவில் நிறுத்துகிறது; பேழையில் வைத்துப் பார்க்கப்படுகிறது. அம்மன் காசு ஆண்டுதோறும் திரும்பிவரும் விழாவுக்குரியது. ஆண்டு பொறிக்கப்படாதது அதற்குக் குறையன்று, பொருத்தமே. ‘விஜய’ என்பது விஜயதசமியையோ விஜய ரகுநாதத் தொண்டைமானையோ குறிக்கலாம். இரு பொருளுக்கும் அது இடம் தருகிறது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. ரோட்டிக்குக் கிடைத்த இயந்திரம் கலைஞரின் கையை அச்சுவரை கொண்டுசென்றது. புதுக்கோட்டைக்குக் கிடைத்ததோ உள்ளூர்க் கையைப் பணியிலிருந்து விலக்கியது. குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் கல்லில் உயர்ந்த உருவங்கள் உள்ள நாட்டில், அம்மனின் உருவம் கடல்கடந்து அச்சாகி வந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் காசு வழக்கொழிந்தது. எனவே இரு அச்சுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்காசை அறியும் வழி. சீரான காசை மட்டும் தேர்ந்து சேர்ப்பவர் அதன் பாதி வரலாற்றையே காண்பார்.