பட்டமும் லயமும்

நான்கு ஆண்டுகள், 120 கிரெடிட்டுகள்: ஆங்கிலச் சிறப்புக்கலைமாணிப் பட்டத்துக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்கள் விதிக்கும் அளவுகோல் இது. மடுல்சீமை லயமொன்றிலிருந்து அந்த வாயிலை எட்டும் மாணவிக்கு இவ்வளவுகோல் போதுமா என்பதே நமது கேள்வி.

தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் கட்டளையாகவும் செக்ரோலின் கணக்காகவும் ஆட்சி செய்தது. அதே மொழியைத் தொழிலாளியின் முறையீடாக மாற்றியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் அவர் தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1954இல் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் கவிதை நூலை அவர் ஆங்கிலத்திலேயே தந்தார். அதில் போர்க்குரலைவிட இரங்கற் குரலே ஓங்கி நிற்கிறது என்ற குறையை நாம் மறைக்கவில்லை. எனினும் தேயிலைச் செடியின் அடியில் புதைந்த உழைப்பை ஆங்கில வாசகன் முன் நிறுத்திய நூல் அது.

ஷேக்ஸ்பியரையோ மில்டனையோ நாம் விலக்கச் சொல்லவில்லை. டிக்கன்ஸைப் பயின்று ஆலைத் தொழிலாளியின் துயரை அறிபவள், தன் தாயின் கொழுந்துக் கூடையையும் அதே நீதியால் நிறுக்கக் கற்கவேண்டும். பாடத்திட்டம் அதற்கு இடந்தர வேண்டும். தோட்டத்தை மறக்கக் கற்பிக்கும் படிப்பு பட்டம் தரலாம்; கல்வியாகாது.