முகவாய் முடியும் லேசரும்

அழகு சிகிச்சை விளம்பரங்களைப் பார்த்தால் உடம்பில் எங்கே முடி இருந்தாலும் லேசர் ஒன்றே வழி என்று தோன்றும். அக்குளுக்கும் காலுக்கும் அது நல்ல வழிதான். முகவாய்க்கும் அதையே விற்கும்போதுதான் பெண்கள் பணத்தோடு நம்பிக்கையையும் இழக்கிறார்கள்.

லேசர் தேடிப் போவது முடியிலுள்ள மெலனின் என்ற கருநிறமியை. நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி மயிர்க்காலைக் கருக்கிவிடுகிறது. முடி கறுப்பாகவும் தடிப்பாகவும் இருந்தால் பலன் அதிகம்; நரைமுடியில் ஒன்றும் நடக்காது. அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருப்பதுதான் சிக்கல். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் ஒளியைக் கருந்தோலில் கவனமின்றிச் செலுத்தினால் கொப்புளம் வரலாம், கருந்திட்டு மாதக்கணக்கில் மறையாமல் நிற்கலாம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் ஒளி மேல்தோலில் அதிகம் தங்காமல் ஆழத்துக்கு இறங்கும். நம் நிறத்துக்கு அதுவே பத்திரம். எந்த இயந்திரம் என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும்.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்பருவத்தில் இருக்காது. அதனால் சில வார இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங் ஆகும். இடையில் மழிக்கலாம், வேக்ஸிங், த்ரெடிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்கு இலக்கு ஏது? வேக்ஸிங்கால் அக்குள் புண்ணாகி, தோலுக்குள்ளேயே முடி சுருண்டு அவதிப்பட்டவர்களுக்கு லேசர் பெரிய விடுதலை. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

முகவாய் விஷயம் வேறு. அங்கே தடித்த முடி வளரப் பல பெண்களுக்குக் காரணம் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் மிகுந்திருக்கும்வரை பூனைமுடி தடித்துக்கொண்டேதான் இருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றுகூட விசாரிக்காமல் பேக்கேஜ் விற்பது அநியாயம். இன்னும் கொடுமை, சிலருக்கு லேசர் பட்ட மெல்லிய முடி அழிவதற்குப் பதிலாகத் தூண்டப்பட்டு அடர்த்தியாக வளர்கிறது. தெற்காசியப் பெண்களின் முகத்திலும் கழுத்திலும் இது பதிவாகியிருக்கிறது. பணம் கட்டும் முன் இதை எத்தனை பேருக்குச் சொல்கிறார்கள்?

முகவாய்க்கு இன்னொரு வழி எலெக்ட்ராலிசிஸ். அது லேசரைவிட மிகப் பழையது. 1875இல் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணை உரசும் இமைமுடியை இந்த முறையில் நீக்கியதை எழுதினார். மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சி, ஒவ்வொரு முடியாக அழிக்க வேண்டும். தோலின் நிறமோ முடியின் நிறமோ இதற்குத் தடையில்லை. நிரந்தரமாக நீக்கும் என்று சொல்லிக்கொள்ள அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இதற்குத்தான் இடம் தருகிறது. லேசருக்கு நிரந்தரக் குறைப்பு என்ற அளவுதான்.

எலெக்ட்ராலிசிஸின் குறைகளும் சின்னவை அல்ல. வலிக்கும், நேரம் இழுக்கும், கை பழகாதவர் செய்தால் தழும்பு விழும். ஒரு திருநங்கையின் தாடி முழுவதையும் ஊசியாலேயே எடுக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முதலில் லேசரால் அடர்த்தியைக் குறைத்துவிட்டு, மிச்சத்தையும் நரைத்ததையும் ஊசியால் எடுப்பது அவர்களுக்கு உகந்தது. முகவாயில் பத்துப் பதினைந்து முடி மட்டும் உள்ள பெண்ணுக்கோ லேசரே வேண்டாம். முதலில் ஹார்மோன் பரிசோதனை, பிறகு கை தேர்ந்த ஒருவரிடம் எலெக்ட்ராலிசிஸ்.