வெண்மைக்கு விலை, உறுதிக்கு?

2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அதைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது பால்வெண்மையைத்தான். ரசாயன வெளுப்பைக் கண்டித்தால், 'வடநாட்டுச் சந்தை வெள்ளையைத்தானே கேட்கிறது' என்கிறார்கள். இந்த வாதத்தை ஏற்க முடியாது.

1940களில் குடிசைத் தொழிலாகப் பிறந்த சேகோ எனும் ஜவ்வரிசி, ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு விவசாயிகளுக்கு வாழ்வு தந்தது. 1981இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆலைகளுக்கு ஏல விற்பனைக்கு வழி செய்தது. பார்த்த மாத்திரத்தில் தரம் பிரிக்க நிறம் வசதியானது என்பதும் உண்மை.

ஆனால் ஜவ்வரிசியை ஜவ்வரிசியாக்குவது நிறமா? கிழங்கை அரைத்துப் பிழிந்த மாவுப்பாலைத் தெளியவிட்டு எடுத்த ஈரமாவைக் குலுக்கி உருட்டினால் கிடைப்பது தொட்டால் உதிரும் உருண்டை. சூடான தட்டில் வறுபடும்போது, ஏறத்தாழ 60–70 டிகிரியில், மேற்புற மாவு ஈரத்தோடு வெந்து பசையாகிறது. காயும்போது அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஓடாக இறுகுகின்றன. கொதிநீரில் மணியைக் காப்பது இந்த ஓடுதான். பாயசத்தில் மணி மணியாக நிற்பதும், மராட்டியரின் நோன்புக் கிச்சடியில் ஒட்டாமல் உதிர்வதும் இதன் தயவால்தான்.

பிளீச்சிங் பவுடரும் அமிலமும் அழுக்கை மட்டும் தேடிப் போவதில்லை. அந்தச் சங்கிலிகளையும் அறுக்கின்றன. அறுந்தவை நன்றாகப் பிணைவதில்லை. பார்வைக்கு முத்தாக இருப்பது பாத்திரத்தில் கூழாகிறது. அடுப்படியில் தோற்கும் மணிக்கு ஏலத்தில் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

வெளுப்பு இன்னொன்றையும் மறைக்கிறது. பறித்த இரண்டு மூன்று நாளில் கிழங்கு உள்ளே கருக்கத் தொடங்கும். அன்றன்றே உள்தோல்வரை சீவி, நல்ல தண்ணீரில் அலசி, அரைத்து எடுத்தால் மாவு தானே வெளுக்கும். அந்த உழைப்பைச் செலுத்தும் ஆலையும், தாமதத்தை மருந்தால் மூடும் ஆலையும் ஒரே விலை பெறுவது அநியாயம்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிடியை வேகவைத்து, உடையாமல் நிற்கும் மணிகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்கு விலை வையுங்கள். ஊர்ப்பெயரைப் பொருளின் மேல் பொறிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிய நமக்கு அது கடமை.