டெலிபோனில் வந்த கவிதை

கவிதை பாடுவதற்கா, படிப்பதற்கா என்ற சர்ச்சை ரொம்பப் பழையது. டெலிபோனில் கேட்பதற்கு என்றால் என்ன என்று ஒருவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் பத்து டெலிபோன்களை வைத்துச் செய்தும் பார்த்துவிட்டார்.

ஜான் ஜியார்னோ என்று பெயர்; நியூயார்க் கவி. ஒரு மனிதன் தூங்குவதை ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் படமாக 1963-ல் எடுத்தாரே ஆண்டி வார்ஹால், அதில் தூங்குகிறவர் இவர்தான். விழித்துக்கொண்ட பிறகு உருப்படியான காரியம் செய்தார் என்றே சொல்ல வேண்டும். 1968-ல் டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்த யோசனை உதித்ததாம். அடுத்த வருஷம் ஜனவரியில் ‘டயல்-எ-போயம்’ ஆரம்பமாயிற்று. நம்பரைச் சுழற்றினால், நாடாவில் பதிந்த குரல் ஒன்று கவிதை சொல்லும். எந்தக் கவியின் குரல் வரும் என்று கூப்பிடுகிறவருக்குத் தெரியாது.

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரைதான் கூட்டம் அதிகம் என்று ஜியார்னோவே எழுதியிருக்கிறார். அதாவது, ஆபீஸ் நேரம்! மேஜைமேல் பைல் விரிந்து கிடக்க, ரிஸீவரைக் காதில் வைத்துக்கொண்டு குமாஸ்தா கவிதை கேட்கிறார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வியாபார விஷயம் பேசுகிற மாதிரி இருந்திருக்கும். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது. கவியரங்கத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டினால் நாமும் ஆட்டிவிடுகிறோம். டெலிபோனில் அந்த மரியாதை கிடையாது. அலுத்தால் வைத்துவிடலாம், கவியின் மனசும் நோகாது.

ஆனால், “இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்று கேட்கவும் முடியாது. முதல் தடவையிலேயே காதைப் பிடித்து இழுத்தாக வேண்டும். ஜியார்னோ தம் வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இப்போது அர்த்தம் புரிகிறது. அச்சில் பார்த்தால் அச்சுக்கோப்பவர் தூங்கிவிட்டாரோ என்று தோன்றும். காதில் விழும்போது, அதே வரி இரண்டாம் தரம் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

1972-ல் இந்தக் குரல்களில் பலவற்றை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். கின்ஸ்பர்க், பரோஸ், ஆன் வால்ட்மன், ஜான் கேஜ் எல்லோரும் இருக்கிறார்கள். கஷ்டம் இங்கேதான் ஆரம்பமாகிறது. ஊசியைத் தூக்கி மறுபடியும் வைக்கலாமே! அப்படி வைத்துக் கேட்டால் பாதிக்கு மேல் தாங்கவில்லை. முதல் தரம் நம்மை மயக்கியது குரல். வார்த்தைகளைத் தேடிப் போனால் கை வெறுமையாகத் திரும்புகிறது. கின்ஸ்பர்க் மந்திரம் ஜபிக்கிறார். சாரீரம் இருக்கிறது, கவிதை எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. கேஜ் மட்டும் மூன்றாம் தரமும் நிற்கிறார். எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்காக முயற்சியே வீண் என்று சொல்லிவிட மாட்டேன். டெலிபோனில், வேலை நடுவில், எதிர்பாராமல் வந்த ஒரு நிமிஷத்துக்காகச் செய்த சரக்கு இது. அதையே வரிசையாக அடுக்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேள் என்றால், முட்டுகிறது. ஜியார்னோ 2019-ல் காலமாகிவிட்டார். ஒலிப்பதிவுகள் இன்னும் கேட்கக் கிடைக்கின்றன. கேட்கிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கேட்டதும் நிறுத்திவிட்டு, வேறு வேலை பார்க்கப் போங்கள். அடுத்தது நாளைக்கு இருக்கட்டும்.