குளவி – புழு உவமையும் இளம்புழுவின் உணவும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன் வடிவாக்கும் என்னும் நம்பிக்கை தமிழ் வழக்கிலும் சமய இலக்கியத்திலும் வேரூன்றியது. வடமொழி மரபில் இது ‘பிரமர கீட நியாயம்’ எனப்படும். பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் அவதூதர் கூறும் 24 ஆசிரியர்களுள் குளவியும் ஒன்று. இவ்வுவமையை அறியாமை எனத் தள்ளுவதும் முன்னோரின் அறிவியல் எனப் போற்றுவதும் இன்று காணப்படும் இருவேறு நிலைகள். இரண்டும் உவமை இயங்கும் முறையைக் கருதத் தவறுகின்றன.

கூட்டினுள் நிகழ்வது

குளவி மண்கூடு கட்டுகிறது, புழுவைக் கொணர்ந்து வைக்கிறது, வாயிலை அடைக்கிறது, பின்னர் அக்கூட்டிலிருந்து குளவி வெளிவருகிறது. இந்நான்கும் பிழையற்ற நோக்கல்களே. மரபு காணாதது குளவியின் முட்டையை மட்டுமே. கொட்டுதல் புழுவைச் செயலிழக்கச் செய்கிறதேயன்றி உருமாற்றுவதில்லை. உயிரோடு அசைவற்றுக் கிடக்கும் அப்புழு, முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவுக்கு உணவாகிறது. இவ்வுணவின் அளவே பிறக்கும் குளவியின் உடலளவைப் பெரிதும் வரையறுக்கிறது.

உணவு இளம்புழுவின் நடத்தையையும் கட்டுப்படுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர், மண்ணுக்குள் வண்டின் புழுவை நாடி முட்டையிடும் ஸ்கோலியா என்னும் குளவியினத்தை ஆராய்ந்தார். அதன் இளம்புழு, இரையின் உயிர்நிலை உறுப்புகளை இறுதிவரை விட்டுவைத்து ஒழுங்குமுறையாக உண்கிறது. அதனை இரையின் வேறோரிடத்திலிருந்து உண்ணுமாறு அவர் மாற்றி வைத்தபோது, இரை இறந்து அழுகியது. அதனை உண்ட இளம்புழுவும் மடிந்தது.

உவமையின் எல்லை

ஆகவே கூட்டினுள் இருப்பவை இரண்டு புழுக்கள்: ஒன்று இரை, மற்றொன்று குளவியின் சேய். மரபு இரண்டையும் ஒன்றாகக் கொண்டது. உவமைக்கு அவ்வொருமை இன்றியமையாதது. மாறுவது எதுவோ அதுவே தொடர்ந்து இருத்தல் வேண்டும். முத்தியிலும் உயிர் அழிவதில்லை என்பது சைவ சித்தாந்தக் கோட்பாடு. கூட்டினுள் வைக்கப்பட்ட புழுவோ எஞ்சுவதில்லை. எனவே இவ்வுவமையை அறிவியலால் மெய்ப்பிக்க முயல்வோர், உயிர் இறையால் விழுங்கப்பட்டு அழிகிறது என்னும் முடிவுக்கே இட்டுச்செல்கின்றனர். அது சித்தாந்தத்திற்கு முரணானது. மறுபுறம், நோக்கல் சரியாக இருந்து உய்த்துணர்வு மட்டும் பிழைபட்ட ஒன்றை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவதும் முறையன்று.

முடிவுரை

உவமை பொருளை விளக்க வந்ததேயன்றிப் பூச்சியியலைக் கற்பிக்க வந்ததன்று. அதன் ஆற்றல் அக்காலத்தார் பொதுவாகக் கொண்டிருந்த நம்பிக்கையில் தங்கியுள்ளது. இன்று உரை எழுதுவோர் அந்நம்பிக்கையை நம்பிக்கையாகவே சுட்டி, கூட்டினுள் நிகழும் உண்மையைத் தனியே விளக்குதல் நன்று. அவ்வாறு செய்வதால் கோட்பாடு சிதைவதில்லை. பாடம் பயிலும் மாணவரும் பிழைபடக் கற்பதில்லை.